மாமா இரண்டு முறை மாற்றிய படம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1. என் பத்தாவது பிறந்தநாளை மாமா சின்னப் படச்சுருளில் பிடித்தார்.
2. ஓராண்டு கழித்து அந்தச் சுருளை வீடியோ கேசட்டுக்கு மாற்றினார். சரியாக வந்தது.
3. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே மறுபடியும் மாற்றினார். இந்த முறை தப்பாக வந்தது.
4. சரியாக வந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, தப்பாக வந்ததை விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டினார்.
5. தப்பு என்று நான் சொன்னேன். நிரூபித்தும் காட்டினேன்.
6. எனக்கு அடி விழுந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அது என்ன என்று சொல்ல வீட்டில் ஒருவரும் முன்வரவில்லை.

அப்போது ஆங் மோ கியோவில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவர் வேலையில் இருந்தார். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே அறை. ரேடியோ தயாரிக்கும் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வரிசையில் அவருக்கு வேலை. அம்மாவின் அண்ணனான மாமா, சிராங்கூன் சாலையில் டிவியும் ரேடியோவும் விற்கும் கடையில் இருந்தார். கடைக்கு வரும் எந்தப் புதுக் கருவியும் இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போகும். அந்த மாதம் வந்தது வீடியோ கேமரா.

முதல் ஞாயிறு எனக்கு இன்றும் இனிக்கிறது. மத்தியானம் ஜன்னல்களில் போர்வை கட்டி ஹாலை இருட்டாக்கினோம். சுவரில் வெள்ளை அட்டை. புரொஜெக்டரும் வீடியோ கேமராவும் பக்கத்துப் பக்கத்தில். அட்டை படபடக்கிறது என்று மாமா மின்விசிறியை நிறுத்திவிட்டதால் எல்லாரும் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தோம். ரெக்கார்டரில் ஓடும் எண்களைப் பார்த்து, எந்த எண்ணில் எந்தக் காட்சி வருகிறது என்று பள்ளி நோட்டில் குறிப்பது என் வேலை. 012: கேக்கில் என் பெயர். 020: அம்மா மெழுகுவத்தி ஏற்றுகிறார். 031: நான் கேக் வெட்டுகிறேன். 036: கத்தி என் கையில் இருக்கும்போதே சித்தி எனக்கு ஊட்டுகிறார். படம் கொஞ்சம் மின்னி மின்னி வந்தது. மற்றபடி குறையில்லை. கேசட் எனக்குத்தான் என்று மாமா சொன்னார்.

அடுத்த ஞாயிறும் கேமராவோடு வந்தார். இந்த முறை அட்டை இல்லை. மரச்சட்டத்தில் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். சட்டம் ஹாலின் நடுவில். ஒரு பக்கத்திலிருந்து புரொஜெக்டர் அந்தத் தாளின் மேல் படத்தை வீச, மறுபக்கத்தில் உட்கார்ந்து கேமரா அதைப் பிடித்தது.

"எதுக்கு மாமா திரும்ப எடுக்குறீங்க?"

"அது கோணலா வந்துச்சு லா. இப்பிடி எடுத்தா நேரா வரும்."

அது உண்மைதான் என்று இன்று எனக்குத் தெரியும். மின்னணுவியல் படித்துவிட்டு நான் பார்ப்பதே இந்த மாதிரி வேலைதான். தாளின் பின்னாலிருந்து எடுத்தால் கோணல் போய்விடும். அதோடு, படம் இடம் வலமாகத் திரும்பியும் விடும். அதை நிமிர்த்த நடுவில் ஒரு கண்ணாடி வைக்க வேண்டும். மாமாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. முழுப் பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். இப்படிப் பாதி உண்மை சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மாமா, எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது!"

"தெரியட்டும். எழுத்து வர்ற எடத்துல நிறுத்திருவோம்."

நிறுத்தவும் செய்தார். கேக்கில் என் பெயர் வந்தபோது நிறுத்தினார். அம்மா வந்தபோதும் நிறுத்தினார், முந்தானை வலது தோளில் கிடந்தது. அப்பாவின் சட்டைப்பை வலது நெஞ்சுக்குப் போயிருந்தது, அவரையும் விட்டார். மிஞ்சியது கவுன் போட்ட நானும் மேக்சி போட்ட சித்தியும் கேக்கும்தான். பின்னால் சுவரில் நாள்காட்டி மங்கலாகத் தெரிந்தது. அது யார் கண்ணிலும் படாது என்று மாமா விட்டுவிட்டார். என் பிறந்தநாளுக்கு என் அம்மாவும் அப்பாவும் வரவேயில்லை என்பதுபோல ஒரு படம். நோட்டில் கோபத்தோடு எழுதிவைத்தேன்: 'அம்மா இல்லை. அப்பா இல்லை. பெயர் இல்லை. எல்லாம் தலைகீழ்.'

சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த சித்தி, "வேணாம்ணே. தெரிஞ்சா அசிங்கம்" என்றார்.

"எவளுக்குத் தெரியப் போவுது? நீ பேசாம இரு" என்றார் மாமா. படம் மோசமாக வந்திருப்பதைத்தான் சித்தி சொல்கிறார் என்று நினைத்தேன். அவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது: மார்சிலிங்கிலிருந்து ஒரு குடும்பம் முந்தைய மாதம் சித்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பிடித்துப்போய், நாள் குறிக்கும் வரை பேச்சு வந்துவிட்டது. அப்புறம் சித்தியின் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், மாப்பிள்ளையின் அம்மாவைக் கோயிலில் பார்த்து, பாராட்டாகவே சொல்லியிருக்கிறாள்: "உங்க மருமக எடது கையால ஈயம் வக்கிற வேகம் இருக்கே, வரிசையிலயே யாரும் கிட்ட நிக்க முடியாது." அந்தப் பாராட்டுதான் வினையாகிவிட்டது. அந்த அம்மா விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்படித்தான் அந்த மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் அவரும் மாப்பிள்ளையும் எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி வலது கையால் காப்பி கொடுத்துவிட்டு சமையலறை வாசலில் நின்றார்.

"தப்பா நெனக்காதீங்க. வீட்டுல வெளக்கேத்துற கை, நாளைக்குப் பிள்ளைக்குச் சோறூட்டுற கை. ஒரு வார்த்த கேட்டுட்டா மனசுக்கு நிம்மதி பாருங்க."

"கேக்க வேண்டியதுதாம்மா" என்றார் மாமா, இதற்காகவே காத்திருந்ததுபோல. "நாங்க வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. போன வருஷம் எடுத்த படம் இருக்கு. அன்னிக்கு யாரும் உங்களுக்காக நடிக்கல, நீங்களே பாருங்க."

படம் ஓடியது. டிவியில் சித்தி வலது கையால் எனக்குக் கேக் ஊட்டினார். அந்த அம்மா முன்னால் குனிந்து பார்த்தார். "ம். சரியாத்தான் ஊட்டுது" என்றார். மாமா சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அது என்ன, இந்தச் சின்னப் பொண்ணு கத்திய எடது கையில புடிச்சிருக்கு?"

மாமா இதற்குப் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. என்னை வெட்டியிருந்தால் சித்தியையும் வெட்ட வேண்டியிருந்திருக்கும், இருவரும் ஒரே காட்சியில் இருந்தோம். மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. இவளுக்குத்தான் அந்தப் பழக்கம். இவளப் பாத்துட்டுத்தான் யாரோ தங்கச்சின்னு மாத்திச் சொல்லியிருக்காங்க."

என்னைப் பெற்றவர், நான் எதிரே நிற்கும்போதே, மூச்சு விடாமல் இதைச் சொன்னார்.

"அடடா" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார் அந்த அம்மா. "இப்பவே சூடு கீடு போட்டுத் திருத்திருங்கம்மா. அப்புறம் எவன் கட்டுவான்?"

எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

"பொய்! நான் ஒண்ணும் பீச்சாங்கை இல்ல! சீ!"

"ஏய், உள்ள போ" என்றார் மாமா.

போனேன். சித்தியின் கைக்கண்ணாடியையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். "ஆன்டி, இந்தப் படம் தலைகீழ். காலண்டரப் பாருங்க, நம்பர் திரும்பியிருக்கு. மாமா தாளுக்குப் பின்னாலேந்து எடுத்தாங்க. நான் எழுதி வச்சிருக்கேன்."

மாமா டிவியை அணைக்க எழுந்தார். "இருங்க மாமா, பாப்பா என்னமோ சொல்லுது" என்று மாப்பிள்ளை தடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேசட்டைப் பின்னால் ஓட்டி, டிவிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். புதிருக்கு விடை கிடைத்த சிறுவன்போல, "ஆமாம்மா! பதினாலு திரும்பித்தான் இருக்கு!" என்று சிரித்தார்.

நான் அவருடைய அம்மாவை டிவிக்கு முதுகு காட்டித் திரும்பச் சொல்லி, கண்ணாடியை அவர் முகத்துக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் எல்லாம் நேரானது. பதினான்கு பதினான்காக இருந்தது. நான் வலது கையால் கேக் வெட்டினேன்.

"பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் சித்தி குனிந்து, சிரித்து, இடது கையால் எனக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, போதும் லா, வாங்க" என்றார் மெதுவாக.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "எடது கைன்னு நேராச் சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்போம். இப்பிடி ஏமாத்தப் பாத்தீங்களே."

யோசித்திருப்பார்களாம். சூடு போடச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

கதவு சாத்தியதும் அம்மாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. நான் பிறந்ததே தப்பு என்ற பொருளில் மாமா ஏதோ சொன்னார். சித்தி காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "நான் உண்மையத்தானே சொன்னேன்!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். பல வாரம் கத்தினேன். நான் வலது கைக்காரி என்பதைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் எழுதிக் காட்டினேன்.

இன்று கணக்கெடுத்தாலும் என் கோபம் குறையவில்லை. புரொஜெக்டரை நம்பினார்கள். டிரேசிங் தாளை நம்பினார்கள். கடையிலிருந்து இரவல் வாங்கிய கேமராவை நம்பினார்கள். ஒரே அறையில் படுத்திருந்த என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? சித்திக்கு இடது கை என்பது எனக்குத் தெரியாததா? கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னினார். என் அறிவியல் நோட்டில் பூவும் தவளையும் வரைந்துகொடுத்தார். படம் எடுத்த அன்று எப்படியோ மறந்திருக்கிறார், மற்றபடி அறையைவிட்டு வெளியே வரும்போது எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொள்வார். வெளியே போகும்போது செருப்புப் போடுவதுபோல ஏதோ வழக்கம் என்று நினைத்திருந்தேன். அது ரகசியம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கையை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு சித்தி அறைக்குள்ளும் வலது கையாலேயே எல்லாம் செய்தார். பின்னல் தளர்ந்தது. தவளையின் கால் கோணிக்கொண்டு வந்தது. ஒருவழியாகப் பழகிக்கொண்டுவிட்டார், இனி நல்ல இடம் வரும் என்று நினைத்தேன். அப்படி அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அந்தச் சின்ன அறையில் அவர் யாருக்கு முன்னால் கையை ஒளிக்கத் தொடங்கினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் சொன்ன 'சீ' சமையலறை வாசல் வரை கேட்டிருக்கும் என்பதும் தோன்றவில்லை.

இப்போது தெம்பனிஸில் இருக்கிறோம். எது கேட்டாலும் மெஷின் கோளாறு என்றுதான் மாமா சொல்கிறார். அம்மா சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, சொந்தக்காரர்கள் சிலர் இன்றும் பந்தியில் என் கையைப் பார்க்கிறார்கள். சித்திக்குத் திருமணம் ஆகவில்லை. தொழிற்சாலையில் அவர்தான் இப்போது வரிசைக்குத் தலைவி, அங்கே இடது கையால்தான் வேலை செய்கிறாராம். என் முன்னால் இன்னும் வலது கையால் எழுதுகிறார். நான் இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.