சொட்டு நின்ற குளியலறை

குழாயின் கழுத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, உதிர்ந்த வெள்ளைத் தூளை உள்ளங்கையில் ஏந்தி, சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்த பிறகுதான், ஊரார் ‘சுண்ணாம்பு அக்கா’ என்று கூப்பிடும் அந்தப் பெண், வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கிறார். “குடி வந்து மூணு வருஷம் இருக்குமா?” என்கிறார். இருக்கும். “நடுவுல கொஞ்ச நாள் வீடு பூட்டிக் கெடந்துச்சோ?” கிடந்தது. வீட்டுக்காரர் வாயைப் பிளந்தால், “ஜோசியமெல்லாம் தெரியாது சார். தண்ணி எழுதி வச்சிருக்கு, நான் படிக்கிறேன், அவ்வளவுதான்” என்று விரலைத் துணியில் துடைத்துக்கொள்கிறார். மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டியிருக்கிறார். இந்த ஒன்று மட்டும் வேலைக்காக வளர்க்கப்படுவது.

வெந்நீர் ஹீட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். எங்கள் ஊரில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே வராது. குழாயில் வருவது பார்வைக்குக் கண்ணாடி, குணத்தில் கருங்கல். சோப்பு தேயுமே தவிர நுரைக்காது. கொடியில் காய்ந்த துண்டை எடுத்துச் சுவரில் சாய்த்தால் விழாமல் நிற்கும். புதுக் கண்ணாடி டம்ளருக்கு ஒரே மாதத்தில் கண்புரை வந்துவிடும். வெளியூர் விருந்தாளிகள் முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, சீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே, “இந்த ஊர்ல எப்படிங்க காலம் தள்றீங்க?” என்று கேட்பார்கள். நாங்கள் அசட்டுச் சிரிப்பு சிரிப்போம். வேறென்ன செய்வது?

அக்காவுக்கு இந்த வித்தையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு ஒரு மின்சாதனக் கடையில் புகார் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். தினமும் யாராவது ஒருவர் எரிந்துபோன ஹீட்டர் கம்பியைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுக் கத்துவார். “எல்லாரும் கம்பெனியத் திட்டுறாங்க, முதலாளியத் திட்டுறாங்க, என்னையத் திட்டுறாங்க. தண்ணிய ஒருத்தரும் திட்டலையேன்னு தோணுச்சு.” ஒரு நாள் உணவு இடைவேளையில், கழித்துப் போட்ட ஹீட்டர் ஒன்றைத் தானே கழற்றினார். உள்ளே பாதி வரைக்கும் கல். அன்றைக்குச் சாப்பிட மறந்துவிட்டதாகச் சொல்கிறார்.

அவர் பட்டறையில் ஒரு நீள அலமாரி நிறைய அந்தக் கற்கள்தான். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஹீட்டர் கம்பியைச் சுற்றிப் படிந்து, கம்பியை உருவிய பிறகும் குழல்போல நிற்கும் கல். உடைந்த விளிம்பில் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. “இந்தப் பழுப்பு, ஆத்துத் தண்ணி கலந்து விட்ட வருஷம். இந்த வெள்ளை, ஆறு வத்திப் போயி முழுக்கப் போர்வெல் தண்ணி விட்டது. இத்துனூண்டு கோடு தெரியுதா? பம்ப்பு ரிப்பேராகி நாலு வாரம் லாரித் தண்ணி வாங்கினோமே, அது.” எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த நாலு வாரத்தை நான் திட்டிக்கொண்டே கழித்து, மறந்தும் போயிருந்தேன். என் ஊரின் நாட்குறிப்பை யாரோ விடாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். “ஒருத்தரும் பாக்காதப்ப, சத்தமே காட்டாம, தண்ணி கல்லப் பெத்துக்கிட்டே இருக்கு சார்” என்றார் அக்கா. இருபது வருடம் கழிந்தும் அந்தக் குரலில் வியப்பு குறையவில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவருடைய கணவருக்கு இதிலெல்லாம் பெரிய மரியாதை கிடையாது. “வாத்தியார் பிள்ளை மக்குங்கறது சரியாத்தான் இருக்கு. ஊர்ல இருக்கற கெட்டிலெல்லாம் பளபளங்குது, எங்க வீட்டு கெட்டில்ல தண்ணி ஊத்தவே இடமில்ல” என்று என்னிடம் முறையிட்டார். அக்கா காதில் விழாதது மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவரைப் பற்றி எழுத வந்திருந்த நானும் குறிப்பேட்டோடு பின்னால் போனேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தவர் ஒரு விளையாட்டு வாத்தியார். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. ஒரு கன்னத்தை மழித்து மறு கன்னத்தில் சோப்போடு வந்து கதவைத் திறந்தார். வெந்நீர் நூலாக வருகிறதாம், அதுதான் புகார். குளியலறையில் புதிதாகப் பதித்த கருநீல டைல்ஸைப் பற்றி அதைவிட அதிக நேரம் பேசினார்.

குளியலறை வாசலில் அக்கா நின்றுவிட்டார். குழாயைச் சுரண்டவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். மேலே ஹீட்டர் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது. நானும் கேட்டேன், ஏதோ சத்தம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“எப்ப போட்டீங்க சார்?”

“அஞ்சு மணிக்கு. அது தானா அணைஞ்சிடும்மா.”

சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து ஹீட்டரின் அடியில் பார்த்தார். சின்ன பைப் ஒன்றின் வாயில் பித்தளை மூடி இறுகப் பூட்டியிருந்தது. “இந்த பைப்பு சொட்டணுமே. சொட்டு எங்க?”

வாத்தியார் முகம் மலர்ந்தது. “அதையேன் கேக்கறீங்க! சொட்டு விழுந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா கறை. தேச்சுத் தேச்சு கையே போச்சு. கடையில ஒரு மூடி வாங்கி நானே போட்டுட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு சுத்தம்!”

அக்கா குரலை உயர்த்தவில்லை. “மெயின் சுவிட்ச் எங்க?” என்று மட்டும் கேட்டு, போய்த் தன் கையாலேயே அணைத்தார். “வீட்ல இருக்கறவங்க அத்தனை பேரும் வெளிய வாங்க. இப்பவே. ஒரு குழாயையும் தொடாதீங்க.” வாத்தியார் மழிக்காத கன்னத்தைக் காட்டினார். அக்கா வாசலைக் காட்டினார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் விளக்கினார். “தண்ணி சூடானா ஊதிப் பெருகும் சார். ஊதுனது வெளிய போக ஒரு வழி வேணும், அதுக்குத்தான் அந்தச் சொட்டு. நீங்க அது வாயை அடைச்சிட்டீங்க. சூடு போதும்னு நிறுத்தற கருவி மேல கல்லு மூடிக்கிச்சு, அதுக்கு ஒரைக்கவே இல்ல. நாலு மணி நேரமா காயுது. மேல வெந்நீர் போற வழியும் கல்லு. அப்ப அந்த டேங்க் என்னதான் பண்ணும்? வெடிக்கும். கூரையைப் பேத்துக்கிட்டுப் போகும்.”

“அந்தச் சத்தம் சரியில்லன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கேட்டாத்தானே!” என்றார் வாத்தியாரின் மனைவி.

“ஆறட்டும்மா. ஒரு மணி நேரத்துக்கு யாரும் உள்ள போக வேணாம்.” அக்கா எதிர்ச்சுவர் ஓரமாக நின்று, குளியலறைச் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். நான் மிகுந்த தைரியத்தோடு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாங்கள் எல்லோரும் தினமும் காலையில் கேட்கிற ஓர் உறுமல். அதற்குள் இருந்ததை ஒரே ஒரு காதுதான் கேட்டிருக்கிறது. அந்தக் காது அன்றைக்கு வேறு தெருவுக்குப் போயிருந்தால்?

வாத்தியாருக்கு மீசையில் மண் ஒட்டியதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “ஒரு மூடிக்கு இவ்வளவு இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்? நல்ல யோசனைன்னுதானே பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நானே வாங்கி மாட்டிக் கொடுத்தேன்…”

அவர் முடிப்பதற்குள் அக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சட்டைக் கையெல்லாம் நனைந்த ஓர் இளைஞர் திறந்தார். அவர் இடுப்பில், துண்டு சுற்றிய ஒரு பெண் குழந்தை; அதன் தலையில் கழுவாத சோப்பு. “பாப்பாவக் குளிப்பாட்டிட்டு இருக்கேங்க, அப்புறம் வாங்களேன்.”

“ஹீட்டர் ஓடுதா தம்பி?”

“காலையிலிருந்து ஓடுது.”

“வீட்ல வேற யாரு?”

“நாங்க ரெண்டு பேருதான். இவங்கம்மா வேலைக்குப் போயாச்சு.”

“ஹீட்டர் பைப்பு சொட்டுதா?”

“சொட்டா?” இளைஞர் பெருமையோடு கதவை அகலத் திறந்து வழிவிட்டார். “சார் மூடி போட்டுக் கொடுத்ததுலேருந்து ஒரு பொட்டு விழல. வந்து பாருங்க!”

அக்கா கருவிப்பையை வாசலிலேயே போட்டார். இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தை தாவி வந்தது. அதைத் துண்டோடு மார்பில் அணைத்துக்கொண்டு, அப்பாவும் வீட்டை விட்டுப் பின்னால் ஓடி வரட்டும் என்று, தெருவின் கடைசியை நோக்கி ஓடத் தொடங்கினார்.