எதிர்ப்பக்கம் சுற்றிய காயில்

எனக்கு எழுபத்திரண்டு வயது. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கிழக்கேகோட்டையில் என் கைவேலையைக் குறை சொன்னவர் யாருமில்லை.

கல்யாணங்களில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவர், தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றை, ஓசை செத்துப்போன பழையதை, கொண்டுவந்தார். உள்ளே இரண்டு காயில்கள். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றியிருந்தது. "எந்த மடையன் சுத்தினானோ!" என்று சிரித்து, இரண்டையும் வலமாகவே சுற்றி, காந்தமும் ஏற்றிக் கொடுத்தேன்.

மாட்டி வாசித்தார். ஓசையோடு வண்டுக்கூட்டம் போல இரைச்சலும் கிளம்பியது.

"இரைச்சல் அடங்கத்தான் எதிரெதிரா சுத்தினது, கேட்டோ. நான் சொல்லாதது தப்பும்மா. சாயங்காலம் வாசிக்கணுமே!" என்றார்.

ஒன்றைப் பிரித்து இடமாகச் சுற்றினேன். இரைச்சல் நின்றது.

மோளே, பாட்டி சொன்னதை எழுதிட்டியா? வாசிச்சுக் காட்டு. அதில நான் சொன்ன அந்த 'மடையன்' உண்டோ? விட்டுடாதே.