இடுப்பிலிருந்து இறங்காத பிள்ளை

இடது இடுப்பில் மகள், வலது கையில் பிச்சிப்பூ மூட்டை. மூட்டையைத் தராசில் இறக்குவாரே தவிர, மகளை இறக்க மாட்டார் மகாராஜன். சங்கரன்கோவில் பூச்சந்தையில், கமிஷன் கடையில் பூ நிறுப்பது அவர் வேலை.

“ஏலே மகாராசா, பிள்ளைக்கு அஞ்சு வயசாச்சு. இன்னும் எத்தன நாளைக்குல சுமப்ப?” என்று கடை முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி கேட்பார்.

“தரை சொதசொதன்னு கெடக்கு அண்ணாச்சி. வழுக்கி விழுந்துருவால்லா?”

தரை காய்ந்திருந்தால் வெயில் சுடும். வெயில் இல்லாவிட்டால் முள் கிடக்கும். காரணத்துக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

உண்மைக் காரணம், மகள் தன்ஷிகாவுக்கு மூட்டுவாதம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது வரும் என்பதே மதுரை டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. காலையில் முழங்கால் வீங்கி விறைத்துவிடும், நடந்தால் நொண்டுவாள். பெண்பிள்ளை நொண்டுவதை நாலு பேர் பார்த்தால் பேச்சாகிவிடுமே என்று மகாராஜனுக்குப் பயம். யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: “அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா.”

வாரம் ஒரு ஊசி. போட்ட மறுநாள் முழுக்கப் பிள்ளைக்கு வாந்தி. மனைவி மாரிசெல்வி தறிவேலைக்குப் போகாமல் வாளியும் கையுமாகக் கிடப்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டாலோ ஊசிக்குப் பயந்து “வலிக்கல, வலிக்கல” என்று தன்ஷிகா சாதித்துவிடுவாள். அதனால்தான் டாக்டரம்மா அவள் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். நடப்பது, ஓடுவது, படுத்துக் கிடப்பது எல்லாம் அப்பாவின் போன் வழியாக மதுரைக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து மகாராஜனுக்குப் போனைத் திறந்து பார்ப்பதே பிழைப்பு. பிள்ளையின் நடையைக் காட்டும் பச்சைக்கோடு ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். இடுப்பிலேயே இருக்கிற பிள்ளைக்குக் கோடு எப்படி ஏறும் என்று மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பரீட்சையில் பிள்ளை மார்க் குறைந்துவிட்ட மாதிரி முகம் சுண்டிப்போவார்.

அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. ஊரே நேர்ந்துகொண்டு கோயிலை வலம்வந்து ஆடிச்சுற்று சுற்றியது. நடக்க முடியாதவர் பெயரைச் சொல்லி வீட்டில் ஒருவர் கோயிலைச் சுற்றி நேர்ச்சையை முடிப்பது உண்டு. மகாராஜனும் தினம் விடியற்காலையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். “பிள்ள பேருக்குச் சுத்துதோம், பிள்ள சாமான் ஒண்ணு மேல கெடக்கணும்லா” என்று தூங்குகிறவள் கையிலிருந்து பட்டையைக் கழற்றி, கடைசி ஓட்டையில் மாட்டித் தன் கையில் கட்டிக்கொண்டார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. காலை ஷிப்டுக்குப் போய்விடுகிற மாரிசெல்விக்கு இது தெரியவும் தெரியாது. பச்சைக்கோடு விறுவிறுவென்று ஏறியது. அதைப் பார்த்து அவரே பூரித்தும் போனார், அதுதான் வேடிக்கை.

தபசு முடிந்த வாரம், சந்தை நெரிசலில் டாக்டரம்மாவின் போன் வந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த மாரிசெல்விக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“தன்ஷிகா நல்லா ஓடியாடுறா போலிருக்கே! இப்படியே இருந்தா அடுத்த மாசத்துல இருந்து ஊசியைக் குறைச்சிடலாம்.”

“அம்மா கண்ணத் தொறந்துட்டா!” மாரிசெல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

மகாராஜன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாந்தியும் வாளியும் ஒழியும். ஆனால் இன்று காலை பாயிலிருந்து தூக்கும்போது பிள்ளையின் முழங்கால் உள்ளங்கையில் கொதித்ததே! வீக்கத்தை விட்டுவிட்டால் மூட்டே கெட்டுப்போகும் என்று முதல் நாளே டாக்டரம்மா எச்சரித்திருந்தார். மகள் அவர் தோளில் கன்னத்தை வைத்து, கேந்திப்பூ ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா, அது பிள்ள நடந்ததில்ல. நான் பட்டையக் கட்டிக்கிட்டு கோயிலச் சுத்தினது.” மகளின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். “பிள்ள ஜம்முனு இல்லம்மா. காலு வீங்கித்தான் கெடக்கு.”

“அடப்பாவி மனுசா!” என்றாள் மாரிசெல்வி. தங்கப்பழம் அண்ணாச்சி ஏலத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

போனில் டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: “நல்லவேளை சொன்னீங்க. சரி, அவளா எவ்வளவு தூரம் நடக்கிறா?”

மகாராஜன் அதைப் பார்த்ததே இல்லையே.

குனிந்தார். பூத்தண்டும் தண்ணீருமாகக் கிடந்த தரையில், அத்தனை பேர் பார்க்க, மகளை இறக்கி நிற்க வைத்தார். “அம்மாட்ட நடந்து போ மக்கா.” தன்ஷிகா ஒரு காலை ஊன்றினாள், மறு காலை இழுத்தாள். மகாராஜனின் கை தானாக அவளை நோக்கிப் போனது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.