ஊடும் ஊடகமும்

இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒரு அம்மாவுக்காக நான் சேலம் கோர்ட்டில் ஆஜரானேன். புதுச் சேலையைத் தானே கட்டிக்கொண்டு, வீடியோவில் காட்டி விற்பவர். பேசும்போதெல்லாம் முந்தானைக் கரையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருப்பார்.

அவருடைய வீடியோக்களைத் திருடி, ஒரு செயலியில் எவனோ போலிக் கடை திறந்துவிட்டான். அங்கே கிழிசல் சேலை வாங்கி ஏமாந்தவர்கள் இவரைத்தான் திட்டினார்கள். ஆதாரத்தோடு பலமுறை புகார் செய்தும் செயலிக் கம்பெனி அந்தக் கடையை எடுக்கவில்லை.

"வீடியோ போட்டது யாரோ ஒரு பயனர். நாங்கள் வெறும் ஊடகம்தான், அதற்குப் பொறுப்பாக முடியாது" என்றார் கம்பெனி வக்கீல்.

நீதிபதி அந்த அம்மாவைப் பார்த்தார். "அவர் சொல்றது புரியுதாம்மா?"

"புரியுதுங்க சாமி. ஊடுன்னு அவிங்களே ஒத்துக்கறாங்க. திருடன் உள்ள பூந்தது மொதல்ல தெரியாம இருந்திருக்கலாமுங்க. நான் வந்து சொன்னதுக்கப்புறமும் உள்ளயே உக்கார வெச்சிருந்தா, ஊட்டுக்குச் சொந்தக்காரரைத்தானுங்க கேக்கணும்?"

நீதிபதி கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பினார். "புகார் வந்த பிறகு என்ன செய்தீர்கள்?"

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அந்தக் கடையை உடனே நீக்கச் சொல்லி அன்றைக்கே இடைக்கால உத்தரவு வந்தது.

வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஊடகம்னா ஊடு இல்லீங்க. மீடியா."

கட்டைவிரல் கரையிலேயே நின்றுவிட்டது. "அட, தப்பாப் பேசிட்டனுங்களா?"

"இல்லீங்க" என்றேன். வீட்டை ஊடு என்கிற எங்கள் ஊர்ப் பேச்சு கோர்ட்டில் அவ்வளவு நிமிர்ந்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.