அரை சதவீத நீலம்

சூளைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் உலர்ந்த அனலும், ஆறிக்கொண்டிருக்கும் பீங்கான் கோப்பைகள் தாமாகவே எழுப்பும் “கிணிங், கிணிங்” என்ற மெல்லிய ஓசையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறி, ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரிக்குப் பீங்கான் தொழில் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், தேர்வில் தவறியவர்கள், பிள்ளை பெற்றபின் படிக்க வந்தவர்கள் என்று இருபத்திரண்டு பேர். என் பக்கத்தில் சபியா அக்கா. எட்டாவதோடு நின்றவர், கணவர் துபாயில், மகள் நான்காம் வகுப்பில்.

அந்த வாரம் சூளையில் இருந்தவை நாற்பது டீக் கோப்பைகள். வெள்ளிக்கிழமை பட்டறை முதலாளிகள் சிலர் வந்து, எங்கள் வேலையைப் பார்த்து ஆள் எடுப்பதாக இருந்தது. கோப்பைமேல் பூசும் பளபளப்புப் பூச்சை “கிளேஸ்” என்போம். அது வெளிர்நீலமாக வர, கோபால்ட் என்ற பொடியை அரை சதவீதம் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு ஐந்து கிராம். தாளில் 0.5 என்று இருந்தது. பத்தாவது வரை படித்தவள் என்பதால் கணக்கு என் பொறுப்பு, நிறுப்பது சபியா அக்கா. அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவுமில்லை. கிலோவுக்கு ஐம்பது கிராம் என்று எழுதிக் கொடுத்தேன்.

நாற்பது கோப்பைகளும் கன்னங்கரேலென்று வந்தன.

எங்கள் ஆசிரியை வசந்தா மேடம் ஒன்றைத் துணியால் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “யாரு நிறுத்தது?”

“நான்தான் மேடம்” என்றார் சபியா அக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“எட்டாங்கிளாஸு படிச்சவங்ககிட்ட தராசக் குடுத்தா இப்டித்தான்” என்று பின்னால் நின்ற எங்கள் வகுப்பு முருகன் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அக்கா தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் பத்தாவது படித்தவள் என்ற மரியாதையும் போய்விடும், செய்தி வீட்டுக்குப் போனால் அப்பா “போதும், வூட்லயே இரு” என்பார் என்றெல்லாம் பயந்தேன். ஆனாலும் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

“கணக்கு போட்டது நான் மேடம். புள்ளி வச்ச கணக்கு எனக்கு வராது. நான் எழுதுனதத்தான் அக்கா நிறுத்தாங்க.”

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கும் வராது மேடம்” என்றான் முருகன், யாரையும் பார்க்காமல். வகுத்தல் வராது என்று இன்னொருவர், சதவீதமே புரியவில்லை என்று மற்றொருவர். கடைசியில் பதினோரு பேர் ஆனோம்.

மேடம் திட்டவில்லை. “நீங்க தலையாட்டுனீங்க, நானும் புரிஞ்சிடுச்சின்னு நெனச்சிட்டேன். என் மேலயும் தப்பு இருக்குது. நாளையிலேர்ந்து எட்டு மணிக்கு வாங்க. மார்க்கெல்லாம் கெடையாது” என்றவர், முதலாளிகளிடம் மூன்று வாரம் அவகாசமும் கேட்டு வாங்கினார்.

எட்டு மணி வகுப்பு மூன்றாம் வகுப்பு வகுத்தலிலிருந்து தொடங்கியது. முதல் இரண்டு நாள் வெட்கத்தில் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினேன். என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டவர் சபியா அக்காதான். “ஒரு கிலோவ நூறு பங்கு வச்சா, ஒரு பங்கு பத்து கிராமு. நமக்கு அரைப் பங்கு போதும். அவ்ளோதாம்மா” என்று அவர் சொன்னபோதுதான், எத்தனையோ வருஷமாகப் புரியாதது எனக்குப் புரிந்தது. நிறுக்கும் முன்னால் கணக்கை இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்ற வழக்கத்தையும் நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம்.

அடுத்த சூளையில் கோப்பைகள் வெளிர்நீலமாக வந்தன. எங்களில் ஏழு பேருக்கு வேலை கிடைத்தது, எனக்கும் சபியா அக்காவுக்கும் ஒரே பட்டறையில். கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதி, இரண்டாம் முயற்சியில் தேறினேன். மறுநாள் அப்பா பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார்.

சூளை இருந்த அந்தக் கொட்டகை இப்போது இல்லை, அங்கே வண்டிகள் நிறுத்துகிறார்கள். மேடம் வேறு ஊருக்குப் போனபின் எட்டு மணி வகுப்பும் நின்றுபோனது. சபியா அக்கா மட்டும் விடவில்லை. இந்த வருஷம் மகளோடு சேர்ந்து தானும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறார். நேற்று மதியம் பட்டறையில் சாப்பிடும்போது, “இங்கிலீஷுதான் இடிக்குது. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வர்றியாம்மா?” என்று கேட்டார். எனக்கும் அது அரைகுறைதான் என்றேன்.

“அதனால என்னா, மூணு பேரும் உக்காந்து படிப்போம்” என்றார்.