என் மனைவியின் காலஞ்சென்ற கணவர்

செவ்வாய்க்கிழமைகளில் என் மனைவி விதவை. புதன்கிழமைகளில் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை; முழங்கால் வலியோடு பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்தால் ஏழு பிள்ளை பெற்றவள். மற்ற நாட்களில்தான் எனக்குப் பெண்டாட்டி.

பயந்துவிடாதீர்கள், குடும்பத்தில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில், படிக்கிற பிள்ளைகள் நோயாளியிடம் பேசிப் பழகுவதற்காக, நோயாளியாக நடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு அட்டை கொடுப்பார்கள். வயது என்ன, வலி எங்கே, எத்தனை நாளாக, குடும்பத்தைப் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான். அதை மனதில் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்கார வேண்டும். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேள்வி கேட்பார்கள். நடிப்பு என்று அவர்களுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். ஏமாறுவதற்கு அங்கே யாருமே இல்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அவள் அதில் சேர்ந்தது கதை எழுதுவதற்காக. மகள் கல்யாணமாகிப் போன பிறகு இந்தப் பித்து பிடித்தது. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நான் உள்ளே லென்ஸ் தீட்டுவேன், அவள் முன்னால் உட்கார்ந்து பில் போடுவாள், ஆள் இல்லாத நேரத்தில் எழுதுவாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். இரண்டாவது பக்கத்தில் நான் தூங்கிவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு நிம்மதியான தூக்கம் எனக்கு வேறெங்கும் வந்ததில்லை. அவள் கதையில் எல்லோரும் நல்லவர்கள். மாமியார் தங்கம், மேலதிகாரி பத்தரைமாற்றுத் தங்கம். திருடன் ஒருவன் வந்தான். அவனும் மறுநாளே பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் விழித்துக்கொண்டிருந்து நான் எதற்குக் காவல் காக்க வேண்டும்?

நூலகத்து மாடியில் ஒரு கதை வகுப்பு நடக்கிறது. அதிலும் சேர்ந்தாள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன், வாயில் எந்நேரமும் பிஸ்கட். வருஷா வருஷம் வகுப்பில் தேறிய கதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவார்கள். இரண்டு தொகுப்பு வந்துவிட்டது. இரண்டிலும் என் மனைவி இல்லை. இரண்டாவது முறை காரணம் கேட்டிருக்கிறாள்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆளுங்க எல்லாம் துணிக்கடை பொம்மை மாதிரி. சட்டை நல்லாத்தான் இருக்கு, உள்ள ஆளே இல்ல.”

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பிஸ்கட் பெண்மேல் கோபமான கோபம். நான் தூங்கியது வேறு, இது வேறு. ஆனால் இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள்: “அது சொல்றது சரிதாங்க. ஒரே ஒரு ஆளையாவது உசுரோட உண்டாக்கிக் காட்டுறேன். அடுத்த புத்தகத்துல ஏறலைன்னா எழுதுறதையே விட்டுடறேன்.” சொன்னால் செய்கிறவள்.  எழுதாத நாட்களில் அவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும்; மகள் போன புதிதில் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ஐம்பத்திரண்டு வயது, நெஞ்செரிச்சல், தூக்கமில்லை, கணவர் இறந்து இரண்டு வருடம். அந்தக் கணவரைத்தான் பிடித்துக்கொண்டாள். பாவி மனிதர், பிறக்கும்போதே செத்துப்போயிருந்தார்.

முதலில் அவரையும் மகானாக்கினாள். காலையில் எழுந்து காபி போட்டுக் கொடுப்பாராம், குரலை உயர்த்தியதே கிடையாதாம், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதே கிடையாதாம். இந்த ஒத்திகையெல்லாம் என் எதிரில்தான் நடக்கும். துண்டு விஷயம் வரும்போது மட்டும் என் பக்கம் திரும்பிச் சொல்வாள். செத்தவனோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? நல்லவேளை, கல்லூரியிலும் அவர் எடுபடவில்லை. ‘நோயாளி விளம்பரத்தில் வருகிறவர் போலப் பேசுகிறார்’ என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டது. பயிற்சிக்குப் பொறுப்பான அம்மாள் இவளைக் கூப்பிட்டு, கொஞ்சம் மனுஷி மாதிரிப் பேசுங்கள் என்றாராம்.

அந்த வாரம் சாப்பிடும்போது, அவள் முகம் தொங்கிப்போயிருந்ததால், கடையில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர் கண் சோதிக்க வந்தார். வெளியே வெகுநேரம் காத்திருந்தவர், உள்ளே கூப்பிட்டதும் எழுத்துப் பலகையைக் கடகடவென்று கடைசி வரி வரை ஒப்பித்தார். ஒரு எழுத்துகூடப் பலகையில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. அவருக்கு முன்னால் வந்தவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். அதற்குள் நான் பலகையை மாற்றிவிட்டேன், அது அவருக்குத் தெரியாது.

நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை.

“ஏங்க அப்படிப் பண்ணாரு?”

“கூட மக வந்திருந்தா. கண்ணு தெரியலைன்னா காரைத் தொடக்கூடாதுன்னு சொல்லிடுவாளாம்.”

பிசைந்த சாதத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். “அவருக்கு ஒண்ணு வேணும். அதுக்காக ஒண்ணை மறைக்கிறாரு. என் ஆளுங்க எதையுமே மறைக்கலைங்க! வந்து நின்னதும் எல்லாத்தையும் கொட்டிடறாங்க! மறைக்கிறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லைங்க!” என்று கத்திக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டை போச்சு. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் மூன்றாவதாக ஒருவர் குடியேறினார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதை மிதித்து மிதித்து, எங்கே உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தரையை அழுத்தும். சினிமா பார்க்கும்போது அழுத்தும். பெண்டாட்டி ஏதாவது படபடவென்று பேச ஆரம்பித்தால் அழுத்தும். சீட்டாட்டத்தில் சின்னப் பிள்ளைகளிடம்கூடக் கள்ள ஆட்டம் ஆடுவார். இரவல் வாங்கிய குடை ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பாட்டில் பாதி வரி தெரியாது, ஆனால் குரலை ஏற்றிப் பாடிவிடுவார். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெண்டாட்டியைக் கிண்டல் செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பேசமாட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவர்கள் வீட்டில் இருப்பவர்களைத்தான் பிடித்துக் கதையில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்த ஆளிடம் என்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குச் சீட்டு பிடிக்கவே தெரியாது. பாடினால் எனக்கே பொறுக்காது. குடையை மறந்து வைத்துவிட்டு வருவேனே தவிர அடுத்தவன் குடையைத் தொடமாட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“என்கிட்ட இருந்து ஒண்ணுகூடவா எடுக்கலை?”

“உங்களைத்தான் தினம் பாக்கறேனே. உங்களை எதுக்குங்க மெனக்கெட்டு உண்டாக்கணும்?”

இது பாராட்டா, இளக்காரமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அது போகட்டும், ஒருநாள் பேருந்தில் உட்கார்ந்து போகும்போது ஓட்டுநர் வேகமாகத் திருப்பினார், என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒழுங்காக இருந்த என் காலை ஒரு செத்துப்போன மனிதர், அதுவும் இல்லாத மனிதர், வாங்கிக்கொண்டுவிட்டார்.

இதற்கு நடுவில்தான் கடைக்கு அந்தப் பையன் வந்தான். கண்ணாடிச் சட்டம் உடைந்து, நடுவில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஆன்ட்டி! இங்கயா இருக்கீங்க? இப்போ தூக்கம் வருதா?”

“பரவாயில்லப்பா,” என்றாள் பழக்கதோஷத்தில்.

மருத்துவக் கல்லூரிப் பையன் என்று புரிந்தது. மரியாதைக்காக வெளியே வந்து, “நான் இவங்க வீட்டுக்காரர்,” என்றேன்.

பையன் திருதிருவென்று விழித்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்தது பாருங்கள், ஒரு நீதிபதிக்குக்கூட அவ்வளவு வராது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ரொம்ப சந்தோஷம் சார். இப்படி ஒரு முடிவு எடுக்க அவங்களுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! நல்லா பாத்துக்கோங்க சார். முதல்ல இருந்தவர் பேச்சு வந்தா மட்டும் கோவிச்சுக்காதீங்க. அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது.”

“எனக்கென்னப்பா கோவம்? ஆனா எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சே.”

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். என் கையை மெதுவாக விட்டான்.

“அப்போ… அவர் உயிரோட இருக்கும்போதேவா சார்?”

மேஜைக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. என் மனைவி பில் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பையனுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டான். “ஐயோ ஆன்ட்டி, அது நடிப்புன்னு எனக்குத் தெரியும்! சத்தியமா தெரியும்! ஆனா அந்தக் கால் அழுத்தறது… எங்க மாமாகிட்ட போன வாரம் போன்ல சொன்னேன், உங்க வீட்டுக்காரரைப் பத்தி!” அசடு வழியச் சிரித்தான். இவள் அவனுக்குக் கடையிலேயே உசத்தியான கண்ணாடி உறையை எடுத்துச் சும்மா கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவனுக்கு என்ன உரிமை?

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தவள்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, மகள் போன் செய்தால் “அம்மா பிசி” என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. தொகுப்புக்குக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்க நெருங்க எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. இதுவும் திரும்பி வந்துவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணியைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போன இடத்தில், “உக்காருங்க, படிக்கிறேன்,” என்றாள். கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தேன். தூங்கிவிடக்கூடாது என்று முகத்தை வேறு கழுவிக்கொண்டு வந்திருந்தேன்.

தேவையே இருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார், கள்ளச்சீட்டு ஆடினார், பாடினார். நான் சிரித்துச் சிரித்துத் துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில், நாற்பது பேர் முன்னால், பெண்டாட்டி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட லட்சணத்தை நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. வாய் வராது. மூன்றாம் நாள் அவள் எழுந்து வாசலுக்கு வந்தால், அவளுடைய செருப்பு முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறது. வார், குதிகால், எல்லாம். அவர் உள்ளே நின்று திரைச்சீலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

“நிறுத்து,” என்றேன்.

“என்னங்க?”

“இன்னிக்குத்தானே அவர் போகப்போறாரு?”

 காகிதத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்மா. அவ திரும்பி வரட்டும். தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து அந்தச் செருப்பைப் போட்டுக்கட்டும். ஒரு நிமிஷம் ஆகுமா?”

“இல்லைங்க, அவ வரமாட்டா. சாயங்காலம் வந்துதான் போட்டுக்கலாம்னு நெனச்சிருக்கா.”

“அந்த ஆள் உனக்கு என்ன பாவம் பண்ணாரு? குடையைத் திருப்பிக் கொடுக்கலை, அதுக்கா? நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரியில சேர்த்துப் பாக்கலாமே! அத்தனை டாக்டர் பசங்களைத் தெரியும் உனக்கு!”

 ஆமாம், அழுதேன். வாளிமேல் உட்கார்ந்து, ஈரத் துணிகளுக்கு நடுவில், பிறக்கவே இல்லாத ஒருவருக்காக, அதுவும் பல மாதமாக என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஒருவருக்காக அழுதேன்.

“அவர் போனாத்தாங்க கதை,” என்றாள். அவள் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்போ கதையே வேணாம். அவர் இருந்துட்டுப் போகட்டும்.”

அவ்வளவுதான். காகிதங்களை என் மடியில் எறிந்துவிட்டுச் சின்னப் பெண் மாதிரி ஒரு கூச்சல் போட்டாள். பக்கத்து மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கைபேசியை எடுத்து அந்தப் பிஸ்கட் பெண்ணைக் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் விரல் எங்கெங்கோ பட்டு ஒலிபெருக்கியில் போய்விட்டது.

“மிஸ்! எங்க வீட்டுக்காரர் அழறாரு மிஸ்! அவரைக் கொல்லாதேன்னு பேரம் பேசறாரு மிஸ்!”

மறுமுனையில் ஒரு நிமிடம் மென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்:

“சூப்பர் ஆன்ட்டி. தைரியமா கொன்னுடுங்க. நான் இடம் ஒதுக்கி வெச்சுடறேன்.”

இரண்டு பேரும் போனில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சிரித்தாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் அது வேறு கண்ணீர். அந்த மாடியில் துக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.