வெள்ளிக்கிழமைக்கு மட்டும் விடுதலை இல்லை

ஸ்ரீரங்கத்தில் நான் வரலாறு நடத்தும் பெண்கள் பள்ளியில், பி.டி. பீரியட் என்பது டைம்டேபிளில் மட்டுமே இருக்கும் ஒரு சமாச்சாரம். செவ்வாய்க்கிழமை பி.டி.யைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமை பி.டி. எனக்கு. "போர்ஷன் முடியலைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பி.டி. சார் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். தங்கமான மனுஷன்.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் முறைத்துக்கொண்டே திரிந்தார்கள். கோ-கோ போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம், நான் குடியிருக்கும் திருவெறும்பூரின் பள்ளிப் பிள்ளைகளிடம் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வியிருந்தார்கள். ஜெயித்த அந்தத் திருவெறும்பூர் அணியில் என் மகளும் ஓடினாள் என்பது வேறு விஷயம். என் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் திருவெள்ளறைப் பக்கமிருந்து வருகிறவர்கள், சாயங்காலம் மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பி.டி.யை விட்டால் பயிற்சிக்கு வேறு நேரமே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திங்கட்கிழமை அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த பாடம், சும்மா விடுவேனா? வகுப்பை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தேன். வடக்கிலும் அடிமைமுறை இருந்த மாநிலங்கள் உண்டு என்பதற்காக அங்கே ஒரு பெஞ்சை ஒதுக்கினேன். வாய் ஓயாத கோ-கோ கேப்டனை அதிபராக்கினேன். எதிர்த்துப் போரிடும் மாநிலங்களில் இருக்கும் அடிமைகளுக்கெல்லாம் இனி விடுதலை என்று அவள் கணீரென்று அறிவித்தாள்.

ஒதுக்கின பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அப்ப எங்களுக்கு, மிஸ்?"

"உங்களுக்கு இப்ப இல்லை. உங்க முதலாளிங்க அதிபர் பக்கம் நிக்கிறாங்கல்ல? அவங்க கோவிச்சுக்கிட்டு எதிரியோட சேர்ந்துட்டா என்ன பண்றது? அப்புறமாத்தான் சட்டத்தையே திருத்தி எல்லாரையும் விட்டாங்க."

"என்ன மிஸ் அநியாயமா இருக்கு! நம்ம பக்கம் இருக்கறவங்ககிட்ட மாட்டிக்கிட்டா அப்படியே கிடக்கணுமா?"

"சபாஷ்டி!" என்றேன். ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கெல்லாம் இதே பெருமைதான், காது கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் விடவில்லை.

மறுநாள் கணக்கு சார் சிவந்த முகத்தோடு வந்து நின்றார். "உங்க பாடம் எங்க வந்து நிக்குதுன்னு வந்து பாருங்க!"

வகுப்பில் ஈ காக்கை இல்லை. போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "கணக்கு சாரிடம் இருக்கும் பி.டி. பீரியடுகள் அனைத்துக்கும் இன்று முதல் விடுதலை. இப்படிக்கு, அதிபர்." மைதானத்தில் பி.டி. சாரின் விசில் சத்தம் கேட்டது. அது ஊதக்கூடிய விசில் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வந்த சிரிப்பைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் அடியில் இன்னொரு வரி கண்ணில் பட்டது: "வெள்ளிக்கிழமைக்கு இது பொருந்தாது."

கேப்டனைக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கிழமையை மட்டும் ஏண்டி விட்டீங்க?"

"நீங்க நம்ம பக்கம் மிஸ். கோவிச்சுக்கிட்டு கணக்கு சாரோட சேர்ந்துட்டீங்கன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை நான் போனபோது எல்லோரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அடக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"எந்திரிச்சுப் போங்கடி, கிரவுண்டுக்கு!"

"போர்ஷன், மிஸ்?"

"ஜெயிச்சுட்டு வந்து படிக்கலாம்."

ஓடிய ஓட்டத்தில் இரண்டு பெஞ்ச் சாய்ந்தது.

சாயங்காலம் வீட்டில் மகள் ஷூவைத் துடைத்தபடியே கேட்டாள். "ஏம்மா, ஸ்ரீரங்கம் டீம் இந்த வருஷம் எப்படி?"

"அதுங்களுக்கு ஏதுடி பி.டி. பீரியட்?" என்று சொல்லிவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினேன்.